நிரலாளரின் மேசையில் எந்த நூல்கள் இருக்க வேண்டும்?

பாளையங்கோட்டையில் கணினி அறிவியல் படித்து முடித்து, தென்காசிப் பக்கத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வேலை பைத்தான் மொழியிலும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலும், ஓடுவது லினக்ஸ் சர்வரில். கல்லூரியில் ஆழமாகப் படித்தது சி மொழி மட்டும். புத்தகத்துக்கென்று 5,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறார். வேலைக்கு நடுவே எடுத்துப் பார்ப்பதற்கு எந்தெந்த நூல்களை வாங்கலாம், இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது வாங்கத்தான் வேண்டுமா என்கிறார். பட்டியல் கேட்பதுபோல் இருந்தாலும், அவர் கேட்பது பட்டியல் அல்ல என்றே நினைக்கிறேன். ஒரு சந்தேகம் வரும்போது எதன் சொல்லை இறுதியானதாக எடுத்துக்கொள்வது, அதில் எந்தப் பகுதிக்குப் பணம் கொடுக்க வேண்டும், எந்தப் பகுதி இலவசமாகவே இன்னும் சரியாகக் கிடைக்கிறது என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன்; நூல்களின் பெயர்கள் வழியில் வரும்.

நான் நெடுங்காலம் நிரலாளராக வேலை பார்த்துவிட்டு இப்போது திருநெல்வேலியில் கற்பிக்கிறேன். கல்லூரி நூலகத்துக்கு ஆண்டுதோறும் கணினி நூல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் சேர்ந்தே இருக்கிறது. சர்வர் பக்க நிரல்கள், தரவுத்தளம், வலைப்பின்னல் ஆகியவை என் கைப்பழக்கத்தில் உள்ளவை. கைப்பேசிச் செயலிகளுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் நான் நிரல் எழுதியதில்லை. ஆகவே அவற்றுக்கான நூல்களை இங்கே பரிந்துரைக்கவில்லை.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. கற்றுக்கொள்வதற்கான நூலும், பார்த்துக்கொள்வதற்கான நூலும் வேறு வேறு வேலைக்கு எழுதப்படுகின்றன. முதல் வகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்கிறோம். ஆசிரியர் நம் கையைப் பிடித்து அழைத்துப் போவார், சில உண்மைகளை வேண்டுமென்றே பின்னால் தள்ளி வைப்பார், சிலவற்றை எளிமைப்படுத்திச் சொல்வார். இரண்டாம் வகையை நாம் திறக்கும்போது கேள்வி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. அதற்கான பக்கத்தை உடனே கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்த இடத்தில் விதிவிலக்குகளும் சேர்த்து எழுதப்பட்டிருக்க வேண்டும். முதல் வகையில் சிறந்து விளங்கும் ஒரு நூல் இரண்டாம் வேலைக்குச் சற்றும் உதவாமல் போகலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் வாங்கி அடுக்கும் நூல்களில் பெரும்பகுதி தொடக்க நூல்களாக இருப்பதையும், ஆறு மாதத்துக்குப் பிறகு அவற்றை யாரும் திறக்காமல் இருப்பதையும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இரண்டாவதாக, இந்தத் துறையில் எல்லாமே நாளுக்கு நாள் மாறிவிடுகிறது என்று பரவலாகச் சொல்வது பாதிதான் உண்மை. தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளத்தின் அடிப்படையை எட்கர் காட் என்ற கணினி அறிவியலாளர் 1970இல் எழுதினார். நீங்கள் இன்று எழுதும் வினவல், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, அதன் மேல்தான் நிற்கிறது. பதிவுகளை விரைவாகத் தேடி எடுக்கத் தரவுத்தளங்கள் பயன்படுத்தும் பி-மரம் என்ற அமைப்பு அதே பத்தாண்டின் தொடக்கத்தில் வெளியானது. இணையத்தைத் தாங்கும் டிசிபி நெறிமுறையின் 1981ஆம் ஆண்டு ஆவணத்துக்கு 2022இல்தான் முழுமையான மாற்று ஆவணம் வந்தது. அதுவும் இடையில் சேர்ந்த திருத்தங்களைத் தொகுத்துத் தந்ததே தவிர, நெறிமுறையைப் புதிதாக்கவில்லை. மறுபக்கத்தில், பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. பைத்தானோடு பல்லாண்டுகளாக வந்துகொண்டிருந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற தொகுப்பு 2023இல் வெளியான 3.12இலிருந்து நீக்கப்பட்டது, அதை வைத்து நிறுவல் முறையை விளக்கிய அத்தியாயங்கள் எல்லாம் அன்றோடு பழையனவாயின. ஆகவே ஒரு நூலைக் கையில் எடுத்தவுடன், இதில் இருப்பது அடித்தளமா, மொழியா, அந்த மொழியின் மேல் கட்டிய கருவியா என்று பார்க்க வேண்டும். அடித்தள நூல் இருபது ஆண்டுகள் நிற்கும். மொழி நூல் அடுத்த பதிப்பு வரும் வரை நிற்கும். கருவி நூல், அதாவது ஏதாவது ஒரு வலைச்சட்டகத்தையோ மேகச்சேவையையோ விளக்கும் நூல், பெரும்பாலும் அச்சாகி நம் ஊர்க் கடைக்கு வந்து சேர்வதற்குள்ளாகவே ஒன்றிரண்டு வெளியீடுகள் பின்தங்கிவிடும். உங்கள் பணத்தை அடித்தள நூலுக்கும், மொழி நூல்களில் மிகச் சிறந்த ஒன்றுக்கும் செலவிடுங்கள். கருவி நூலுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

சரி, நல்ல நூலைக் கடையில் நின்றபடியே எப்படி அடையாளம் காண்பது? உங்களுக்குத் தெரிந்த சி மொழியிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் தெரிந்த விஷயத்தில் சோதித்தால்தான் தெரியாத விஷயத்திலும் அந்த ஆசிரியரை நம்பலாமா என்பது விளங்கும். இன்ட் வகை மாறி எத்தனை பைட் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். இரண்டு பைட், -32768 முதல் 32767 வரை என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த நூல் டாஸ் காலத்து டர்போ சி கம்பைலரை, அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் அன்றைய மென்பொருளை, மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அது 16 பிட் கம்பைலர் என்பதால் அங்கே அது சரியாக இருந்தது, உங்கள் லினக்ஸ் சர்வரில் அது தவறு. நான்கு பைட் என்று எழுதியிருந்தால், இன்றைய கணினிகளில் பெரும்பாலும் சரி. ஆனால் ஆசிரியர் தன் கணினியில் பார்த்ததை விதியாக்கியிருக்கிறார். குறைந்தது 16 பிட் இருக்க வேண்டும் என்பது மட்டுமே மொழித் தரத்தின், அதாவது மொழியின் விதிகளை வகுக்கும் அதிகாரபூர்வ ஆவணத்தின், உத்தரவாதம், சரியான எல்லை கம்பைலருக்குக் கம்பைலர் மாறும், அதை லிமிட்ஸ் என்ற தலைப்புக் கோப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தால், அந்த ஆசிரியருக்கு மொழி எது, கம்பைலர் எது என்ற பிரிவு தெரிந்திருக்கிறது. ஒரு பத்திதான், நூல் முழுவதையும் பற்றி அது நிறையச் சொல்லிவிடும்.

அதேபோல் இன்னும் சில இடங்கள் உண்டு. பயனரிடமிருந்து ஒரு வரியை வாங்குவதற்கு கெட்ஸ் என்ற செயற்கூறை எச்சரிக்கை இல்லாமல் கற்பிக்கும் நூலை அப்படியே வைத்துவிடுங்கள். வாங்கும் வரியின் நீளத்துக்கு எல்லை வைக்க வழியே இல்லாத அந்தச் செயற்கூறை 2011ஆம் ஆண்டுத் தரம் மொழியிலிருந்தே நீக்கிவிட்டது. உள்ளீட்டு ஓடையை எஃப்ஃப்ளஷ் செய்து காலியாக்கச் சொல்லும் நூல்களும் அப்படித்தான். வெளியீட்டுக்கு மட்டுமே அதன் பொருளைத் தரம் வரையறுக்கிறது, உள்ளீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நம் பக்கத்தில் விற்கும் கணினி நூல்களில் பெரும்பகுதி பருவத்தேர்வுப் பாடத்திட்டத்தை ஒட்டி, ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் கேள்விகளுக்கு விடை தேடும் வகையில் எழுதப்பட்டவை. தேர்வுக்கு அவை உதவுகின்றன, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேலையில் சந்தேகம் தீர்க்க அவை எழுதப்படவில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, நூலின் கடைசியில் வரும் சொல்லடைவைப் புரட்டுங்கள். பார்த்துக்கொள்வதற்கான நூலில் சொல்லடைவு மிக முக்கியமான பகுதி. அதைச் சரியாகச் செய்யாத நூலில் நல்ல விஷயம் எவ்வளவு இருந்தாலும், வேலை நெருக்கடியில் அது கைக்கு வராது. கடைக்குப் போகும் முன், கடந்த ஒரு வாரத்தில் உங்களைத் தடுமாற வைத்த மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்றுக்கும் சொல்லடைவில் இடம் இருக்கிறதா, அந்தப் பக்கத்துக்குப் போனால் விடை முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் இரண்டு கிடைத்தால் அது உங்களுக்கான நூல்.

தமிழில் தரவு வைத்து வேலை செய்கிறவர்களுக்கு நான் சேர்த்துச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. நெல்லை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கிறவருக்கு அது மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் அது ஆறு குறியெண்: நகரம், எகரக் கொம்பு, லகரம், புள்ளி, மீண்டும் லகரம், ஐகாரக் குறி. பைத்தானில் அதன் நீளத்தைக் கேட்டால் 6 என்றுதான் வரும். அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் மூன்று பைட் வீதம் 18 பைட் ஆகும். சி மொழியில் சரத்தின் நீளத்தைக் கேட்கும் ஸ்ட்ரலென் என்ற செயற்கூறு அந்த 18ஐத்தான் சொல்லும். இன்னும் சிக்கலானது கொக்கிரகுளம் போன்ற பெயர். முதல் எழுத்தான கொகரத்தில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்ணாகவும் சேமிக்கலாம்; திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், நேரடியாக ஒப்பிட்டால் இரண்டும் வேறு என்று கணினி சொல்லும். முகவரிப் பட்டியலில் ஓர் ஊர்ப்பெயரைத் தேடும்போது பாதிப் பதிவுகள் மட்டும் வருவதற்கு இது ஒரு காரணமாக அமையும். ஒப்பிடும் முன் இரண்டு சரங்களையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்க வேண்டும் என்பதே தீர்வு. இதை விளக்கும் நூல் ஆங்கில எழுத்துகளைத் தாண்டி உலகத்தைப் பார்த்த ஒருவரால் எழுதப்பட்டது; தமிழ்நாட்டில் வேலை செய்யும் நிரலாளருக்கு அந்தப் பார்வை நாள்தோறும் தேவைப்படும்.

இந்தச் சோதனையில் முழுமையாகத் தேறும் நூல் லூசியானோ ரமால்யோ எழுதிய ஃபுளூயன்ட் பைத்தான். அதன் நான்காம் அத்தியாயம் முழுவதும் உரைக்கும் பைட்டுகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியது. நான் மேலே சொன்ன இயல்பாக்கமும் அதில் வருகிறது. முதல் பதிப்பு 2015இலும் இரண்டாம் பதிப்பு 2022இலும் வந்தன. இரண்டாம் பதிப்பைத்தான் வாங்க வேண்டும். பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம், ஏனென்றால் வகைக்குறிப்புகளும் ஒத்திசையா நிரலாக்கமும் இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டன. இது தொடக்க நூல் அல்ல. பைத்தானில் சில மாதங்கள் எழுதிப் பழகியவருக்குத்தான் இது பேசும். நீங்கள் இப்போது சரியாக அந்த இடத்தில் இருக்கிறீர்கள்.

தரவுத்தளத்துக்கு சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் மூவரும் எழுதிய டேட்டாபேஸ் சிஸ்டம் கான்செப்ட்ஸ் நூலைச் சொல்வேன். முதல் பதிப்பு 1986இல் வந்தது. 2019இல் வந்த ஏழாம் பதிப்பை வாங்குங்கள். ஆசிரியர்களுள் ஒருவரான சுதர்சன் மும்பை ஐஐடியில் பேராசிரியர். கல்லூரியில் இதைப் பாடநூலாகப் பார்த்திருப்பீர்கள், அந்தக் காரணத்துக்காகவே பலரும் படிப்பு முடிந்ததும் விற்றுவிடுகிறார்கள். வேலைக்குப் போன பிறகுதான் அது பயன்படத் தொடங்குகிறது என்பது என் அனுபவம். ஒரு சிறு உதாரணம்: மாணவர் பட்டியலில் கட்டணம் கட்டாதவர்களை மட்டும் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கட்டியவர்களின் எண்களைத் துணை வினவலில் எடுத்து, அதில் இல்லாதவர்கள் என்று நாட் இன் போட்டு எழுதுகிறீர்கள். கட்டணப் பதிவுகளில் ஒரே ஒரு வரியில் மாணவர் எண் வெற்றாக, அதாவது நல் என்று இருந்தாலும் விடை முழுவதும் காலியாக வந்துவிடும். தெரியாத மதிப்போடு ஒப்பிட்டால் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்ற மூன்றாம் விடைதான் வரும் என்ற விதியின் நேர் விளைவு அது. பிழைச்செய்தி எதுவும் வராது, யாரும் பாக்கி வைக்கவில்லை என்று அறிக்கை சொல்லும். எழுதிய நிரலையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. மூன்று மதிப்புத் தருக்கத்தைப் பற்றி நூலில் இருக்கும் சில பக்கங்களைப் படித்தவருக்கு உடனே புலப்படும். மார்ட்டின் கிளெப்மன் 2017இல் எழுதிய டிசைனிங் டேட்டா-இன்டென்சிவ் அப்ளிகேஷன்ஸ் என்ற நூலும் மிக நல்லது; ஆனால் அது தரவு பல கணினிகளில் பரவிக் கிடக்கும்போது எழும் கேள்விகளுக்கானது, அந்தக் கேள்விகள் உங்கள் வேலையில் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

சி மொழிக்கு கெர்னிகன், ரிச்சி இருவரும் எழுதிய தி சி புரோகிராமிங் லாங்குவேஜ் நூலின் இரண்டாம் பதிப்பைத் தவிர வேறு பெயரை முதலில் சொல்ல எனக்கு மனம் வராது. முந்நூறு பக்கத்துக்குள், மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரே எழுதியது, பின்னிணைப்பில் மொழியின் இலக்கணமும் நூலகச் செயற்கூறுகளும் சுருக்கமாக இருக்கின்றன. ஆயினும் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அது 1988இல் வந்தது. 1999, 2011ஆம் ஆண்டுத் தரங்களில் சேர்ந்தவை எதுவும் அதில் இல்லை, நான் மேலே வேண்டாம் என்று சொன்ன கெட்ஸ் அதன் நூலகப் பட்டியலில் இன்னும் இருக்கிறது. மொழியின் எலும்புக்கூட்டை அறிய அதைப் பாருங்கள். இன்றைய விதியை அறியத் தரத்தின் வரைவு ஆவணத்தைப் பாருங்கள், அது இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. உங்கள் அன்றாட வேலையில் சி இல்லை என்பதால் விலை குறைந்த இந்தியப் பதிப்பு கிடைத்தால் மட்டும் வாங்கினால் போதும்.

அல்காரிதம் நூல்களில் கார்மன் முதலிய நால்வர் எழுதிய இன்ட்ரொடக்ஷன் டு அல்காரிதம்ஸ்தான் உலகெங்கும் புழக்கத்தில் இருப்பது. 1990இல் முதல் பதிப்பு, 2022இல் நான்காம் பதிப்பு. எந்த மொழியையும் சாராத பொதுக்குறியீட்டில் எழுதப்பட்டிருப்பதால் மொழிகள் மாறினாலும் நூல் பழையதாகவில்லை. ஆயிரத்து இருநூறு பக்கங்களைத் தாண்டும் அதை நீங்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை திறக்க நேரலாம். அதற்கு நூலகப் படி போதும். டொனால்ட் நூத் 1968 முதல் எழுதிவரும் தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங் தொகுதிகளை ஒரு முறையாவது நூலகத்தில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள் என்பேன். பிழை கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2.56 டாலர் தருவதாக அறிவித்து அவர் 2008 வரை காசோலையாகவும் அதன் பிறகு சான்றிதழாகவும் தந்துவருவது, ஒரு நூலாசிரியர் சரியாக எழுதுவதை எவ்வளவு மதிக்கலாம் என்பதற்கு நான் மாணவர்களிடம் காட்டும் சான்று. ஆயினும் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் வாங்கும் நூல் அது அல்ல.

லினக்ஸுக்கு மைக்கேல் கெரிஸ்க் 2010இல் எழுதிய தி லினக்ஸ் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ். லினக்ஸின் மேன் பக்கங்களை, அதாவது அதனோடு வரும் கையேட்டுப் பக்கங்களை, பல ஆண்டுகள் பராமரித்தவர் அவர்; ஆயிரத்து ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் அந்த நூலில் கோப்பு, செயல்முறை, சமிக்ஞை, சாக்கெட் ஆகியவற்றைப் பற்றி எழும் எந்தக் கேள்விக்கும் ஏறக்குறைய விடை உண்டு. 2010க்குப் பிறகு லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் வந்தவற்றை மட்டும் மேன் பக்கங்களில் பார்த்துக்கொள்ள வேண்டும். விலை கூடிய நூல் என்பதால் தனியாள் வாங்குவதைவிட நிறுவனம் வாங்கி வைப்பதே பொருத்தம்.

இனி இலவசமாகவே மேலானதாகக் கிடைப்பவை. பைத்தானின் நூலகச் செயற்கூறுகளைப் பட்டியலிடும் எந்த அச்சு நூலையும் வாங்காதீர்கள். அதிகாரபூர்வ ஆவணம் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாக இருக்கிறது, ஒரு வசதி எந்தப் பதிப்பில் வந்தது, எந்தப் பதிப்பில் மாறியது என்ற குறிப்பும் அதிலேயே உண்டு. பக்கத்தின் மேலே உள்ள பதிப்பு எண் உங்கள் சர்வரில் ஓடும் பதிப்போடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள். போஸ்ட்கிரெஸ் ஆவணம் நான் பார்த்த மென்பொருள் ஆவணங்களிலேயே மிகத் தெளிவான ஒன்று. மேலே சொன்ன நாட் இன் விவகாரம்கூட அதில் ஒரே வாக்கியத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கொரு பெரிய வெளியீடு, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு என்பதால் அங்கேயும் பதிப்பு எண்ணைப் பார்ப்பது அவசியம். வலை நெறிமுறைகளுக்கு, அவற்றை வரையறுக்கும் எண்ணிட்ட ஆர்எஃப்சி ஆவணங்களே மூலம். வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெறிமுறையைப் பற்றி 1999ஆம் ஆண்டின் 2616ஆம் எண் ஆவணத்தை இன்றும் மேற்கோள் காட்டுகிற கட்டுரைகள் இருக்கின்றன. அதன் இடத்தில் 2014இல் ஒரு தொகுதியும், அதன் இடத்தில் 2022இல் 9110 முதலியனவும் வந்துவிட்டன. ஓர் ஆவணத்தை இன்னொன்று நீக்கியிருந்தால், அதன் இணையப் பக்கத்தின் தலைப்பகுதியில் நீக்கிய ஆவணத்தின் எண் காட்டப்படும். அதைப் பார்க்கும் பழக்கம் மட்டும் வந்துவிட்டால், காலாவதியான விதியைப் பின்பற்றும் ஆபத்து பெரிதும் குறையும்.

இந்த ஆவணங்களை உங்கள் கணினியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானுக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் மொத்தமாக இறக்கும் வசதி உண்டு, மேன் பக்கங்கள் லினக்ஸோடு பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்து போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அவ்வளவு பெரிய பேரிடர் வேண்டாம், சாரல் காலத்தில் காற்றடித்து இணைய வயர் அறுந்தாலே அரை நாள் வேலை நின்றுவிடும் இடங்கள் தென்காசிப் பக்கத்தில் உண்டு. மேசையில் இரண்டு அச்சு நூலும் கணினியில் ஆவணங்களும் இருந்தால் அந்த அரை நாள் வீணாகாது.

வாங்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். வெளிநாட்டு நூல்களுக்கு இந்தியப் பதிப்பு இருந்தால் விலை பல மடங்கு குறையும். ஓ'ரெய்லி நூல்களை ஷ்ராஃப் நிறுவனம் இந்தியாவில் அச்சிட்டு விற்பது ஓர் உதாரணம். தாளும் கட்டும் சற்றுக் குறைந்திருக்கும், அதனால் குறையில்லை. ஆனால் அட்டையில் உள்ள பதிப்பு எண்ணையும் உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் உள்ள ஆண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியப் பதிப்பு சில சமயம் மூலப் பதிப்புக்கு ஒரு பதிப்பு பின்னால் இருக்கும். அதே பக்கத்தில் எத்தனையாவது அச்சு என்பதும் இருக்கும். நல்ல பதிப்பகங்கள் பிழைத்திருத்தங்களைத் தங்கள் தளத்தில் வெளியிட்டு அடுத்தடுத்த அச்சில் சேர்க்கின்றன. ஆகவே ஒரே பதிப்பிலேயே பிந்திய அச்சு மேலானது. வாங்கியதும் திருத்தப் பட்டியலை எடுத்து அந்தந்தப் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நகலெடுத்து ஒட்டிய திருட்டுப் பதிப்பைச் சட்டத்துக்காக மட்டுமல்ல, உங்கள் வேலைக்காகவும் தவிர்க்க வேண்டும்: நிரல் வரிகளில் ஒரு காற்புள்ளியோ அடிக்கோடோ மங்கிப்போனால் பொருளே மாறிவிடும்.

வாங்கும் முன் பார்ப்பதற்கு நூலகங்களைப் பயன்படுத்துங்கள். பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய மாணவருக்கு என்ன அனுமதி என்று நேரில் கேட்டுப் பார்க்கலாம். மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு விடுமுறை நாளில் போய் வருவது, படம் பார்த்து வாங்கி ஏமாறுவதைவிட மலிவு. கல்லூரி நூலகங்களில் இருக்கும் படிகள் பெரும்பாலும் இரண்டு பதிப்பு பழையவை என்பதை நூல் வாங்கும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையிலேயே சொல்கிறேன். அடித்தள நூல்களுக்கு அது பெரிய குறையல்ல.

தமிழில் என்ன இருக்கிறது என்று இன்னொருவர் உடன் கேட்டிருந்தார். தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு, அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் நல்ல அடிப்படை. பைத்தானும் தரவுத்தளமும் அதில் இருக்கின்றன, கலைச்சொற்களும் பழகிவிடும். கணியம் குழுவினர் எளிய தமிழில் பல கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி மின்னூல்கள் வெளியிட்டு, இலவசமாகவே தருகிறார்கள். அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. இவை கற்றுக்கொள்வதற்கானவை. நுணுக்கமான விதியைத் தேடிப் பார்ப்பதற்கான முழுமையான நூல் தமிழில் இன்னும் வரவில்லை என்பதே என் மதிப்பீடு. ஆகவே முதலில் தமிழில் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கில ஆவணத்தை அகராதியோடு மெதுவாகப் படிப்பதே நடைமுறை வழி. தொழில்நுட்ப ஆவணங்களின் ஆங்கிலம் நாவல்களின் ஆங்கிலத்தைவிட எளிது. புழங்கும் சொற்கள் குறைவு, திரும்பத் திரும்ப வருபவை.

உறுதியில்லாத பகுதிக்கு வருகிறேன். கேள்வி கேட்டால் உடனே விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இருக்கும்போது இந்த நூல்கள் எவ்வளவு காலத்துக்குத் தேவைப்படும் என்பதை நானோ வேறு யாருமோ இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. தெரிந்தது இவ்வளவுதான்: அவை சரியான விடையையும், இல்லாத செயற்கூறின் பெயரையும் ஒரே தெளிவான நடையில் எழுதுகின்றன, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த நடையில் தெரியாது. நான் அவற்றை ஒரு விஷயத்தின் பெயரைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துகிறேன். பெயர் தெரிந்ததும் ஆவணத்துக்கோ நூலுக்கோ போய் விதியை அங்கே படிக்கிறேன். இது என் பழக்கம், எல்லோருக்கும் பொருந்தும் என்று வற்புறுத்த மாட்டேன். நிரலை எப்படி அழகாக எழுத வேண்டும், குழுவாக எப்படி வேலை செய்ய வேண்டும் என்று அறிவுரை கூறும் நூல்களைப் பற்றியும் என் கருத்து கருத்துதான்: அவற்றில் நல்லவை உண்டு, ஒரு முறை இரவல் வாங்கிப் படித்தால் போதும், சந்தேகத்துக்கு எடுத்துப் பார்க்கும் நூலாக அவற்றை வைத்துக்கொள்ள முடியாது.

ஆகவே உங்கள் 5,000 ரூபாயில் ஃபுளூயன்ட் பைத்தானின் இரண்டாம் பதிப்பையும், டேட்டாபேஸ் சிஸ்டம் கான்செப்ட்ஸின் ஏழாம் பதிப்பையும் இந்தியப் பதிப்பாகத் தேடி வாங்குங்கள். மிச்சப் பணத்தை இப்போதே செலவழிக்க வேண்டாம். வேலையில் விடை கிடைக்காமல் நின்ற கேள்விகளை ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் குறிப்பேட்டில் எந்தத் துறையின் கேள்விகள் அதிகம் என்று பார்த்தால் மூன்றாவது நூல் எது என்பது தெரிந்துவிடும். வலைப்பின்னல் கேள்விகளாக இருந்தால் மீண்டும் எழுதுங்கள், அதற்கான நூல்களைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கெரிஸ்க்கின் நூலை மட்டும் உங்கள் குழுத்தலைவரிடம் நிறுவனக் கணக்கில் வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். சர்வர் வேலை செய்யும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு படி போதும்.